மனச்சோர்வு: சத்து மாத்திரை, நடை, சாப்பாடு – எது எவ்வளவு, எது எதோடு சேராது (நெல்லை வட்டார இழை)

#1 பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மருத்துவர் தரும் சிகிச்சைக்குப் பதிலாக எதையாவது தேடுவதற்காக இந்த இழையைத் திறக்கவில்லை. அந்தச் சிகிச்சையோடு கூடவே வீட்டில் செய்யக்கூடியவற்றை எழுதலாம். லேசான சோர்வு, “கொஞ்ச நாள் பார்ப்போம்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் அந்த இடைவெளிக்கும் பொருந்தும். “நல்லா சத்தா சாப்பிடுங்க, நடங்க” என்று மட்டும் எழுத வேண்டாம். எத்தனை கிராம், எத்தனை நிமிடம், எத்தனை வாரம், எங்கே பிசகும் என்று எழுதுங்கள். சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

முதலில் அளவுகோல். எதைத் தொடங்கினாலும் அதற்கு முந்தைய நாள் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். தமிழிலும் கிடைக்கிறது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்து முதல் லேசான சோர்வு, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கொஞ்சம் கடுமை, 20 முதல் கடுமை. பத்தைத் தொட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் ஆறாக இருந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். தினமும் நிரப்பினால் அன்றைய மனநிலைதான் பதிவாகும். ஐந்து புள்ளி குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

#2 பாளை மருந்துச்சீட்டு

அண்ணாச்சி தொடங்கியது நல்லதாப் போச்சு. மருந்துக்கடைப் பக்கம் இருந்து ஒன்று சொல்லுதேன். சத்து மாத்திரை எல்லாருக்கும் வேலை செய்யாது. குறைவு இருக்கிறவருக்குத்தான் செய்யும். அதனால் வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை: டி.எஸ்.எச். (தைராய்டு), பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், பெண்களுக்குக் கூடவே ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), 30 வயதுக்கு மேல் சர்க்கரை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 இறங்கினாலும் சோர்வு, தூக்கம், ஆர்வமின்மை எல்லாம் மனச்சோர்வு மாதிரியே வரும்.

இதில் மூன்று பிசகு அடிக்கடி நடக்கிறது.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் 5 மி.கி., 10 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய. சில ஆய்வுக்கூடக் கருவிகளின் அளவீட்டையே அது குழப்பிவிடும். டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், உண்மையான குறைபாடு மறைந்துபோகும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, பி12 மாத்திரையைப் பத்து நாள் விழுங்கிவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போவது. ரத்தத்தில் அளவு ஏறியிருக்கும், நரம்பில் குறை அப்படியே இருக்கும். முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை.

மூன்றாவது, பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் மாதக்கணக்கில் எடுப்பது. ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. சைவம் சாப்பிடுகிறவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுக்கிறவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மாத்திரையில் 1500 மைக்ரோகிராம் இருக்கே, தேவையோ இரண்டு சொச்சம்தானே என்று கேட்பார்கள். வயிற்றில் அதற்கென்று இருக்கும் வழி ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமோடு நிரம்பிவிடும். மீதியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் அவ்வளவு. கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் இருந்தால் மாத்திரையில் நேரம் போக்காமல் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

#3 களக்காட்டு வாழை

பழைய சோத்துல பி12 இருக்குன்னு சொல்லுதாங்களே, அது போதாதா? அப்புறம் வைட்டமின் டிக்குக் காலையில ஆறு மணி வெயில்ல நிக்கச் சொல்லுதாங்க. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?

#4 பாளை மருந்துச்சீட்டு

பழைய சோறு வயிற்றுக்கு நல்லது. பி12க்கு அதை நம்பி இருக்க முடியாது. பால், தயிர், முட்டை, மீன், ஈரல், இவைதான் நம்பகமானவை.

வெயில் விஷயத்தில் இரண்டு வேலையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர், சூரியன் மேலே ஏறிய பிறகுதான் தரைக்கு நன்றாக வந்து சேரும். காலை 10 மணிக்கு முன்னால் ரொம்பக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பதினொரு மணி வெயிலில் கையும் முகமும் 15, 20 நிமிடம் படலாம். நம்முடைய நிறத்துக்கு வெள்ளைத்தோல்காரர்களைவிடக் கூடுதல் நேரம் தேவை. ஆனால் சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வெயிலில் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

காலை ஆறு மணி வெளிச்சத்துக்கு வேறு வேலை. உடம்பின் தூக்கக் கடிகாரத்தை அது சரிசெய்யும். குளிர்நாடுகளில் பருவகாலச் சோர்வுக்கு 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம்ம ஊரில் பொழுது நன்றாக விடிந்த பிறகு வாசலில் நின்றாலே அந்த அளவை எட்டிவிடும். வீட்டுக்குள் டியூப்லைட்டின் கீழ் சில நூறு லக்ஸ்தான். அதனால் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளியே இருங்கள். அது டிக்கு இல்லை, தூக்கத்துக்கும் மனசுக்கும்.

ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் வழக்கமாக 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். பிறகு மாதம் ஒன்று. பாலோடோ, எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடோ எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் குறைவாகத்தான் சேரும். “வாரம்” என்பதைத் தவறவிட்டுத் தினம் ஒன்று குடித்துக் கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று போவது உண்டு. அட்டைமேல் கிழமையை எழுதிவிடுங்கள்.

குறைவே இல்லாதவர் எடுத்தால்? அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து வருடம் பார்த்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். வைட்டமின் டி மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை.

#5 உவரி அலை

மீன் எண்ணெய்க்கு வருவோம். எண்ணிக்கை புரியாமல் பணத்தை விடுகிற இடம் இதுதான்.

டப்பாவின் முன்னால் “1000 மி.கி.” என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்னால் திருப்பிப் பாருங்கள். மீன் கொழுப்பின் இரண்டு முக்கிய வகைகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சாதாரண வகையில் 180, 120 மி.கி. என்று இருக்கும். மனச்சோர்வுக்கு வேலை செய்வதாகத் தெரிவது இ.பி.ஏ. அதிகமுள்ள வகை. இரண்டும் சேர்ந்த அளவில் மூன்றில் இரண்டு பங்காவது இ.பி.ஏ. இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் இ.பி.ஏ. 2019இல் வந்த ஊட்டச்சத்து மனநல வழிகாட்டுதல் சொல்வதும் இதுதான். சாதாரண வகையில் ஒரு கிராமுக்கே ஆறு மாத்திரை ஆகும், விகிதமும் பொருந்தாது. அடர்த்தி கூடியது என்றால் இரண்டு போதும். ஒரு மாத்திரை விலையைப் பார்க்காமல் ஒரு கிராம் இ.பி.ஏ. என்ன விலை என்று கணக்குப் போடுங்கள்.

ஒன்றைக் கத்தியால் கீறி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி, பழைய பெயிண்ட் மாதிரி நெடி என்றால் திருப்பிக் கொடுங்கள். சாப்பாட்டின் நடுவில் விழுங்கினால் ஏப்பம் குறையும். எட்டு வாரம் கழித்துப் பி.எச்.க்யூ-9 பாருங்கள், அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஈரல் எண்ணெய் மாத்திரையை எண்ணிக்கையைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம், வைட்டமின் ஏ அதிகமாகிவிடும். ஆளி விதையில் இருப்பது வேறு வகை, உடம்பில் அது இ.பி.ஏ.வாக மாறுவது நூற்றுக்குச் சில பங்குதான்.

மீனாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்குச் சாளைதான் (மத்தி) சிறந்தது. 100 கிராம் சதையில் பருவத்தைப் பொறுத்து இரண்டு கொழுப்பும் சேர்ந்து ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். வாரம் மூன்று நாள், ஆளுக்கு நாலைந்து சாளை, குழம்பாக. பொரித்தால் மீனின் கொழுப்பு எண்ணெயில் இறங்கிவிடும். கர்ப்பிணிகள் பெரிய மீன்களைவிடச் சாளை, நெத்திலியையே எடுப்பது நல்லது. பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும்.

#6 பாளை மருந்துச்சீட்டு

> எட்டு வாரம் கழித்து

இதோடு ஒன்று. ஏற்கெனவே சோர்வு இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. #4இல் சொன்ன அதே பெரிய ஆய்வில் மீன் எண்ணெயும் சோர்வு வராமல் தடுக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து வாங்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

#7 மைதானச் சுற்று

இந்த மூன்றில் ஆதாரம் அதிகம் உள்ளது உடற்பயிற்சிக்குத்தான். 2024இல் 218 ஆய்வுகளை, 14,000க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நடை, மெது ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி நல்ல பலன் தந்தன, தீவிரம் கூடக் கூடப் பலனும் கூடியது. ஒரு குறையையும் சொல்லவேண்டும். மாத்திரை ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்து மறைக்கலாம், நடக்கிறவருக்குத் தான் நடப்பது தெரியும். அதனால் எண்களைச் சற்று அடக்கியே எடுத்துக்கொள்கிறேன்.

அளவு முக்கியம். 2005இல் வந்த ஓர் ஆய்வு எடைக்கேற்ற அளவைச் சோதித்தது. கிலோவுக்கு வாரம் 17.5 கலோரி செலவழித்தவர்களுக்குச் சோர்வு நன்றாகக் குறைந்தது. கிலோவுக்கு 7 கலோரி செலவழித்தவர்கள், வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களைவிட மேலே போகவில்லை. 60 கிலோ ஆளுக்கு அது வாரம் 1050 கலோரி, வேக நடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வ.உ.சி. மைதானத்தில் பேசிக்கொண்டே இரண்டு சுற்று வந்து டீக்கடையில் உட்காருவது நட்புக்கு நல்லது, இந்தக் கணக்கில் வராது. வேகத்துக்கு அடையாளம்: பேச முடியும், பாட முடியாது.

ஆனால் முதல் நாளே 40 நிமிடம் போகச் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சோர்வு நோயில் தொடங்குவதற்கான உந்துதலே அடிபட்டுக் கிடக்கும். மூன்றாவது நாள் விட்டுப்போகும், “இதுகூட நம்மால முடியலியே” என்ற எண்ணம் கூடுதல் சுமையாகும். முதல் வாரம் பத்து நிமிடம், ஐந்து நாள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஏழாவது வாரம் 40 நிமிடத்தில் நிற்பீர்கள். மனசு வந்தபிறகு கிளம்பலாம் என்று இருக்கக் கூடாது, மணி அடித்தால் கிளம்ப வேண்டும். செருப்பைப் போட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் அன்றைய கணக்கு முடிந்தது.

பலருக்குக் காலையில்தான் சோர்வு கடுமையாக இருக்கும். அவர்களை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டாம், மாலை ஐந்தரைக்குப் போகட்டும். வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி: நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டைத் தூக்கி இறக்குவது பத்து. மூன்று தடவை.

வெயில் எச்சரிக்கை. லித்தியம் எடுப்பவர்கள் வியர்த்து நீர் வற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் வியர்வையையே குறைத்துவிடும், உடல் சூடேறும். பங்குனி முதல் ஆனி வரை இவர்கள் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

#8 முக்கூடல் சுளகு

நாலு மணி நேரம் நடக்க மைதானமும் வேணும், நேரமும் வேணும் அண்ணாச்சி. காலையிலிருந்து சுளகை மடியில வச்சு ஆயிரம் பீடி சுத்துத பொம்பளைங்களுக்கு என்ன வழி? குனிஞ்ச கழுத்து, மடக்குன காலு, புகையிலைத் தூசி. பொழுதுபோனா கடைக்குக் கொடுக்கணும், சோறாக்கணும். “தனியா எங்க நடந்துபோறா”ன்னு தெருவும் கேக்கும்.

#9 மைதானச் சுற்று

சரியான கேள்வி அக்கா, மேலே நான் எழுதியது அவர்களுக்குப் பொருந்தவே இல்லை. மாற்றி எழுதுகிறேன்.

நூறு பீடிக்கு ஒருமுறை எழ வேண்டும். இரண்டு நிமிடம்: வாசற்படியில் ஏறி இறங்குவது இருபது, சுவரில் முதுகை ஒட்டித் தோளைப் பின்னுக்கு இழுப்பது பத்து. ஆயிரத்துக்குள் பத்து தடவை, இருபது நிமிடம் சேர்ந்துவிடும். சுற்றும் வேகம் குறையாது, கை மரப்பு குறைவதால் கூடவும் செய்யலாம். கடைக்குக் கொடுக்கப் போகும்போது மூன்று நான்கு பேர் சேர்ந்து சுற்றுவழியில் வேகமாக வாருங்கள். துணையோடு போனால் தெருவும் கேட்காது, விட்டுப்போகவும் செய்யாது. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல்கூட லேசான சோர்வுக்குக் குழுவாகச் செய்யும் பயிற்சியையும் ஒரு வழியாகச் சொல்கிறது, பத்து வாரத்துக்கு. வீட்டுக்குள்ளேயே உட்காராமல் வாசலில் உட்கார்ந்து சுற்றினால் வெளிச்சக் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

#10 அடுக்களைத் தராசு

சாப்பாட்டுக்கு நல்ல ஆதாரம் ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஆய்வு. 67 பேர், 12 வாரம். உணவு ஆலோசனை பெற்றவர்களில் 32 சதவீதம் பேர் சோர்வு நிலையைவிட்டு வெளியே வந்தார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வு, பெரும்பாலானோர் மருந்தோ மனநல ஆலோசனையோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது பயறு, காய், கீரை, பழம், மீன், கொட்டைகள், தீட்டாத தானியம், ஆலிவ் எண்ணெய். குறைத்தது இனிப்பு, பொரித்தது, மைதா.

ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இந்தக் கணக்கில் அழகாக உட்காரும். தோல் உளுந்து ஒரு பங்கு, அரிசி இரண்டு பங்கு, வெந்தயம், பூண்டு, தேங்காய். ஆளுக்கு 50 கிராம் உளுந்து வந்தால் அதிலேயே 12 கிராம் புரதம். எள்ளில் துத்தநாகமும் மக்னீசியமும் நிறைய. சொதி வைத்தால் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பட்டாணி என்று காயைக் கூட்டி, தேங்காய்ப்பாலைக் குறையுங்கள், சோற்றைக் கரண்டிக் கணக்கில் போடுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். உளுந்தங்களியில் அது வரட்டும், காபியில் ஒரு நாளைக்கு மூன்று தடவை வேண்டாம்.

சோர்வு கூடிய நாளில் அடுப்பருகே நிற்கவே முடியாது. அந்த நாளுக்கென்று முன்னேற்பாடு வேண்டும். பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும், கூட ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கை வறுத்த நிலக்கடலை, ஒரு வாழைப்பழம். இட்லிப் பொடியில் உளுந்தோடு எள்ளும் காய்ந்த கறிவேப்பிலையும் கூட்டி அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பசி இல்லை என்றாலும் மூன்று வேளை மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். பகல் முழுக்க டீயும் முறுக்குமாக ஓட்டிவிட்டு இரவு பரோட்டாவில் முடிப்பதுதான் எங்கும் பார்க்கிற பிசகு.

இரும்புச்சத்து குறைந்தவர்கள் சாப்பாட்டோடு டீ, காபி சேர்க்கக் கூடாது, ஒரு மணி நேரம் இடைவெளி. மதியம் இரண்டுக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மது இருக்கிற வீட்டில் மற்ற எதையும் விட அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. குடியால் வந்த சோர்வு மூன்று நான்கு வாரத்தில் தெளிவாகக் குறையும். தினமும் அதிகமாகக் குடித்தவர் மட்டும் திடீரென்று தானாக நிறுத்தாமல் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும், வலிப்பு வரலாம்.

#11 களக்காட்டு வாழை

அமுக்கராச் (அசுவகந்தா) சூரணம், குங்குமப்பூ, ஆன்லைன்ல விக்கிற 5-எச்.டி.பி., செயின்ட் ஜான்ஸ் வோர்ட்? மூலிகைதானேன்னு டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரை எஸ்சிட்டாலோபிராமோட சேர்த்து எடுக்கலாமா?

#12 பாளை மருந்துச்சீட்டு

கூடாது தம்பி. கடைசி இரண்டும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சிடின் எதோடும் சேரக்கூடாது. இரண்டும் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டும், அளவு மிஞ்சினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, தசை துள்ளல், காய்ச்சல். ஆபத்தான நிலை. மூட்டுவலிக்குக் கொடுக்கும் டிரமடால், சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், இவையும் அதே பட்டியல். கடைக்குப் போனால் “மனசுக்கு இந்த மாத்திரை எடுக்குதேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கர்ப்பத்தடை மாத்திரை, வார்ஃபரின், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் மருந்து இவற்றின் பலனையும் குறைத்துவிடும்.

அமுக்கரா தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம். தைராய்டு சுரப்பை ஏற்றும், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம் என்றால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் புறநோயாளியாகக் காட்டி, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரை அட்டையையும் நீட்டிக் கேளுங்கள். குங்குமப்பூவில் 30 மி.கி. அளவில் சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, கலப்படமும் விலையும்தான் தடை.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அதை வெறும் வயிற்றில் எடுத்து, காபிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் கழித்து. எல்லாவற்றையும் காலையில் ஒரே மடக்கில் விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாகச் சேராது.

#13 பொருநைக்கரை

இந்த இழையின் எல்லையையும் எழுதிவிடுகிறேன். சாவு எண்ணம், யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, பல நாள் சாப்பிடாமல் படுத்தே இருப்பது, இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே அளவுக்கு மீறிய துள்ளலும் செலவும், குழந்தை பெற்ற தாய்க்கு வரும் சோர்வு. இதில் எதற்கும் நடையும் சாளையும் மருந்தாகாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். இரவாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் இருந்தால் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். ஆளைத் தனியே விட வேண்டாம்.

மாத்திரை எடுப்பவர்களுக்கு: இரண்டு முதல் நான்கு வாரம் பலன் தெரியாது, தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நடை பழகிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்னல் வெட்டியது போன்ற உணர்வு, எரிச்சல் வரலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

#14 முக்கூடல் சுளகு

நூறு பீடி கணக்கை எங்க தெருவுல எழுதி ஒட்டியாச்சு. ஐப்பசி மழையில சுற்றுவழி நடை நின்னுபோகுமே, அதுக்கு?

#15 மைதானச் சுற்று

மழை நாளுக்குப் படிக்கட்டுதான் அக்கா. ஒற்றைப்படி போதும், 15 செ.மீ. உயரம். வலது கால் முதலில் ஒரு நிமிடம், இடது கால் முதலில் ஒரு நிமிடம், அரை நிமிட ஓய்வு. எட்டு சுற்றுக்கு இருபது நிமிடம் ஆகும். படி ஈரமாக இருந்தால் சாக்கை விரிக்க வேண்டாம், வழுக்கும். துடைத்துவிட்டு வெறுங்காலில் ஏறுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஏறுவதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும்.

#7இல் ஒரு திருத்தம். “மூன்று தடவை” என்றது மூன்று வகைப் பயிற்சியையும் ஒருமுறை முடித்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி முதலிலிருந்து. ஒரே பயிற்சியை முப்பது முறை தொடர்ந்து செய்ய வேண்டாம், மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும்.